நோயாளிக்குக் கதவடைப்பதா?



1954 முதல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நாடி ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். கதிர்வீச்சு சிகிச்சை ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான். ஆனால் வாரத்துக்கு 5 நாள், பலருக்கு 6, 7 வாரம் தொடர வேண்டும். இடையில் விட்டால் பலன் குறையும். வார்டில் படுக்கை கிடைக்காத வெளிநோயாளி இத்தனை இரவும் எங்கே தங்குவார்?

மருந்துக்கே நகையை விற்றவரால் லாட்ஜுக்குத் தினவாடகை கட்ட முடியுமா? முடி கொட்டிய தலையைப் பார்த்ததும் 'ரூம் இல்லை' என்று கைவிரிப்போரும் உண்டு. புற்றுநோய் என்ன தொற்றுநோயா? இல்லவே இல்லை! கீமோவால் எதிர்ப்புச் சக்தி குன்றிய அவருக்குத்தான் நம்மிடமிருந்து கிருமி தொற்றும் அபாயம். அவரை நடைபாதைக்கு விரட்டுவது என்ன நியாயம்?

வணிகப் பெருமக்களே! வழிப்போக்கருக்கும் உரிமை உண்டு என்கிறது திருமறை (17:26). உங்கள் லாட்ஜில் ஓர் அறை, கடை மாடியில் ஓர் அறை, கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு, இவ்வளவுதான் தேவை. எந்த மதத்தவர் என்று கேட்காதீர்கள்!

இளைஞர்களே! மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்த வாடகை அறைகளைத் தேடிப் பட்டியலிடுங்கள். ஊரிலிருந்து புறப்படும் முன்பே நோயாளியின் கையில் கொடுங்கள். தங்க இடமில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஒருவர் ஊர் திரும்பினால், அந்தப் பழி நம்மையும் சேராதா? சிந்திப்பீர்!