ஜூஜூவாடி தாண்டாத சம்மன்

ஷில்பா சைலேஷ் வழக்கில் 2023 மே 1 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்ததிலிருந்து, விவாகரத்துக்கென்று வரும் கட்சிக்காரர் கேட்கும் முதல் கேள்வி "ஆறு மாசம் காத்திருக்க வேண்டாமாமே சார்?" என்பதுதான். அந்தத் தீர்ப்பு நிற்கும் அரசியல் சாசன உறுப்பு 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உரியது என்பதை அவருக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் போகிறது. நமக்கு இன்றும் துணை 2017-இன் அமர்தீப் சிங் தீர்ப்புதான்: நிபந்தனைகள் பொருந்தினால், முதல் கட்டம் முடிந்த ஒரு வாரத்தில் விலக்கு கோரலாம். இரண்டு தீர்ப்புகளையும் வரவேற்கிறோம்.

ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி மனுவில் சம்மனுக்கு வேலையே இல்லை. இருவரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் ஒரு பெண், ஆனேக்கல் பக்கம் போய்விட்ட கணவன் மீது கொடுமை என்று மனுப் போட்டால்? விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது 21பி(2). மனுத் தாக்கலான நாளிலிருந்து அல்ல, எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து. சார்பு ஆகாதவரை அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூடக் கழியாது. அவளுடைய காத்திருப்புக்கு எந்த அமர்வும் விலக்குத் தரவில்லை.

இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான், மறுபடி எழுதுகிறோம். ஜூஜூவாடி எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, நமக்கு டவுன் பஸ் தூரம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்துக்கோ அது வேறு மாநிலம். பிரிவு 28-இன்படி சம்மன் அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அம்மாநில விதிப்படி சார்பாக வேண்டும், திரும்பும் சார்பு அறிக்கை கன்னடத்தில் இருந்தால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்போடு வர வேண்டும். பேட்டா கட்டியாயிற்று, வாய்தாவுக்கு வாய்தா "சம்மன் திரும்பவில்லை". ஒருநாள் திரும்பினால் "வீடு பூட்டியிருந்தது" என்று கன்னடத்தில் ஒரு வரி. அதை மொழிபெயர்க்க இன்னொரு வாய்தா! வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைந்த ஊரில் நடக்கும் கூத்து இது. இதே வழக்கை ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் இடையே மாற்ற வேண்டுமென்றால், பிரிவு 25-இன்கீழ் டெல்லிக்குப் போக வேண்டும்.

அலுத்துப்போய் கட்டளை 5 விதி 20-க்குத் தாவுகிறோம். கணவன் கடைசியாகக் குடியிருந்தது ஓசூர் என்பதால் தமிழ் நாளிதழில் விளம்பரம். அவன் படிப்பது கன்னடப் பத்திரிகை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணை கைக்கு வருகிறது, கட்சிக்காரர் இனிப்போடு வருகிறார். இந்து திருமணச் சட்டப் பிரிவு 15-ஐச் சொல்லி, மேல்முறையீட்டுக் காலம் கழியட்டும் என்று அனுப்புகிறோம். காலவரையறைச் சட்டத்தின் உறுப்பு 123-ஐ எத்தனை பேர் சொல்லி அனுப்புகிறோம்? சம்மன் முறையாகச் சார்பாகாதிருந்தால், தீர்ப்பாணையை நீக்கக் கோரும் 30 நாள் அவனுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் தொடங்கும். இரண்டு வருடம் கழித்தும் வந்து நிற்பான். அவள் மறுமணம் செய்திருப்பாள்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. கட்டளை 5-இலேயே விதி 9(4) இருக்கிறது: எதிர்மனுதாரர் அதிகார எல்லைக்கு வெளியே இருந்தாலும், ஸ்பீடு போஸ்ட் அல்லது அனுமதிபெற்ற கூரியர் வழியே நீதிமன்றம் நேரடியாக அனுப்பச் சொன்னால், அந்த ஊர் நீதிமன்றம் வழியே சார்பு செய்யும் விதி 21 பொருந்தாது. 2002 முதல் புத்தகத்தில் இருக்கும் விதி. கேட்டால், "வழக்கம் இல்லை" என்று பதில். சம்மன் எங்கே போகிறது என்று கைப்பேசியில் பார்க்க என்-ஸ்டெப் செயலியும் வந்துவிட்டது. இரு உயர் நீதிமன்றங்களின் நிர்வாகமும் ஒரு மேசையில் உட்கார்ந்து, எல்லைத் தாலுகாக்களுக்கென ஒரு சுற்றறிக்கை போட என்ன தடை? தொழிற்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்புகள் மட்டும் இந்த மாவட்டத்தில் உரியவர் வீட்டை எப்படியோ கண்டுபிடித்துவிடுகின்றன.

சுற்றறிக்கை வரும்வரை, மனுவோடு சேர்த்தே விதி 9(4) மனுவையும் தாக்கல் செய்யுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவுகளின் நகல்களை இதழுக்கு அனுப்புங்கள். கட்சிக்காரர் பெயரை நீக்கி வெளியிடுகிறோம்.