கல்லுக்குள் ஒரு நீச்சல்காரன்

சின்ன வயதில் பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கண்டக்டரிடம் திட்டு வாங்காதவர்கள் உண்டா? உள்ளங்கையைத் தரையைப் பார்த்தபடி வைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். எதிர்க்காற்றைப் பார்த்து நிமிர்த்தினால் கையைப் பின்னால் தள்ளும். கை ஒன்றுதான், பிடித்த விதம்தான் வேறு.

சுங்குவார்சத்திரம் சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்றால், இந்தப் பாடம் கண்ணெதிரே ஓடும். சில கன்டெய்னர் லாரிகளின் கேபின் மேலே சாய்வாக ஒரு தொப்பி மாட்டியிருப்பார்கள். காற்றை மேலே ஏற்றிவிட்டு டீசலை மிச்சம் பிடிக்கும் வேலை அதற்கு. புதிய கார்களின் வடிவத்தையும், காற்று எங்கே வழுக்கும், எங்கே சுழலும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். காற்றும் தண்ணீரும் பாய்மங்கள். அதனால் இந்தக் கணக்குக்குப் பாய்ம இயக்கவியல் என்று பெயர்.

இதே கணக்கை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன உயிர்களுக்கும் போடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் அவதரித்த தலம். வைணவ வீடுகளின் பூஜையில் சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கல்லில் தெரியும் சக்கரம், ‘அம்மோனைட்’ என்ற கடல் உயிரியின் ஓடு விட்டுச்சென்ற தடம். அதன் சொந்தக்காரர்கள் நம் அரியலூர், பெரம்பலூர் மண்ணிலும் கிடைக்கிறார்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. பார்க்க நத்தை போல இருந்தாலும், அம்மோனைட் கணவாய்க்குத்தான் உறவு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த அதே பேரழிவில் இந்த இனமும் போய்விட்டது.

மிஞ்சியது ஓடு மட்டும். சதை கல்லாவது மிக அபூர்வம். அப்படியானால் இது எப்படி நீந்தியது, எப்படித் தப்பித்தது?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் பீட்டர்மன், கேத்லீன் ரிட்டர்புஷ் இருவரும் வெவ்வேறு வடிவ ஓடுகளை 3டி பிரின்டரில் செய்தார்கள். உள்ளே மோட்டார், பேட்டரி. கணவாய் போலத் தண்ணீரைப் பீய்ச்சி நகரும் இந்த ரோபோக்களை நீச்சல்குளத்தில் விட்டு, கேமராவில் பதிவு செய்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. தட்டையான, ஒல்லி ஓடு நேராகச் சீறிப் பாய்ந்தது, ஆனால் திரும்பச் சிரமப்பட்டது. குண்டு ஓடு மெதுவாகத்தான் போனது, ஆனால் சட்டென்று திரும்பியது. எல்லா வேலைக்கும் ஏற்ற ஒரே வடிவம் என்று எதுவும் இல்லை. ரேஸ் காரில் கல்யாணச் சாமான் ஏற்ற முடியுமா?

சுருளாமல் குச்சி போல வளர்ந்த அம்மோனைட்டும் உண்டு. புதுச்சேரி வட்டாரத்தில் கிடைத்த அப்படி ஒன்றுக்கு 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் பெயர் சூட்டினார். இந்த நேர் ஓட்டு வடிவத்தையும் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். தலை கீழே தொங்க, ஓடு மேலே நிமிர்ந்து நின்றது. பக்கவாட்டில் மந்தம். ஆனால் மேல்நோக்கி ராக்கெட் மாதிரி பாயும். துரத்தும் எதிரிக்கு அப்படித்தான் டிமிக்கி கொடுத்திருக்க வேண்டும்!

இத்தனையும் சொன்னது ஓட்டின் வடிவம்தான். அரியலூர் சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. நம் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடலின் மிச்சம் இருக்கலாம். சிமென்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அரவைக்குள் விழுந்த ஓட்டை எந்தக் கம்ப்யூட்டராலும் அளக்க முடியாது. அளந்து வைத்துவிட்டால், எத்தனை வருடம் கழித்தும் அதை நீந்தவைக்கலாம்.

லீவில் குழந்தைகளோடு அரியலூர் பக்கம் போனால், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தை எட்டிப் பாருங்கள். வழியில் சுருள் கல் கண்ணில் பட்டால் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்தோடு ஒரு போட்டோ எடுத்து அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

ஒரகடம் பக்கம் டிசைன் வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளே, நாளைக்கு அந்தச் சுருளை நீந்தவைக்கப்போவது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!