தமிழ் பேசும் பேய்

அக்டோபர் 31இல் மேல்நாட்டார் கொண்டாடும் ஹாலோவீனை ஒட்டிப் பேய்ப் படங்களுக்கு மார்க் போடும் வழக்கம் இங்கும் பரவிவிட்டது. யார் அதிகம் அலறவைத்தார் என்பதே பலரது கணக்கு. மூணாறு லயங்களில் வாழும் தமிழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பேய் பேசும் பாஷை எது?

பாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. கங்காவுக்கு வந்திருப்பது மனநோய்தான் என்று படமே சொன்னாலும், அவள் தமிழில் சீறும்போதுதான் நெஞ்சு பதறுகிறது. அதே கதை தமிழில் 'சந்திரமுகி' (2005) ஆனதும் பேய்க்குத் தெலுங்கு வந்தது; இந்தியில் 'பூல் புலையா' (2007), அங்கே வங்காளம்! அயலார் பேச்சென்றால் எல்லோருக்கும் கிலிதான் போலும்.

நாகவல்லி செய்த குற்றமென்ன? ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து அவளைக் கொன்றவர் தறவாட்டுக் காரணவர். கங்காணி கூட்டிவர மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவளுக்கு அஞ்சுவானேன்? அவள் பக்கத்து வழக்கை அல்லவா கேட்க வேண்டும்!

ஷோபனாவின் நடிப்புக்குத் தேசிய விருதே கிடைத்தது. படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தாராளமாகப் போடலாம். பத்தைக் குறைக்கக் காரணம் உண்டு: கடைசியில் பழிவாங்க அவளுக்குக் கொடுத்தது ஒரு பொம்மையைத்தானே!