பிளேடின் விலையும் விரலின் விலையும்

எடப்பாடி வட்டாரத்து விசைத்தறிப் பட்டறை ஒன்றுக்கு நூல் மூட்டை வந்து இறங்கும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். மூட்டையைச் சுற்றி இறுக்கிய பிளாஸ்டிக் பட்டை. அதன் கீழே தைத்த சாக்கு. சாக்குக்குள் பாலிதீன் உறை. அதற்கும் உள்ளேதான் நூல் கோன். இத்தனையையும் பிரிக்கத் தொழிலாளியின் கையில் இருக்கும் ஆயுதம் என்ன? சவரப் பிளேடில் பாதி! அதுவும் பெட்டிக்கடையில் தன் காசுக்கு வாங்கி, காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பது.

லட்சக்கணக்கில் முதல் போட்டுத் தறி வாங்கத் தெரிந்தவர்களுக்கு, மூட்டை பிரிக்க ஒரு நல்ல கத்தி வாங்கத் தெரியவில்லை. தெரியவில்லையா, மனமில்லையா?

"இது ஒரு விஷயமா? பிளேடு கீறாத கை எந்தத் தறிக்குடியில் இருக்கிறது?" என்று சில கனவான்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். பாவில் இழை அறுந்தால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்துதான் முடிச்சுப் போடவேண்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இழையை விரல் நுனிதான் தடவிக் கண்டுபிடிக்கிறது. தோலுக்குச் சற்றுக் கீழேயே நரம்பும் தசைநாரும் ஓடுகின்றன. ஆழமாக ஒரு வெட்டு விழுந்தால் விரல் மடங்காது. மடங்கினாலும் நுனி மரத்துப்போகும். அந்த விரலை வைத்துக்கொண்டு நெசவாளி என்ன செய்வான்? மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு முடிச்சும் நேரம், ஒவ்வொரு நேரமும் காசு.

வெட்டு எப்படி விழுகிறது என்பதையும் பார்ப்போம். தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடிப்பது முதலாளிமாருக்கு வழக்கமாகிவிட்டது. உண்மை வேறு. இடது கை சாக்கை இழுத்துப் பிடித்திருக்கிறது. வலது கை பிளேடை உடம்பை நோக்கி இழுக்கிறது. முனை மழுங்கிய பிளேடு பட்டையில் சிக்குகிறது; இன்னும் அழுத்துகிறான். பட்டை சட்டென்று அறுகிறது. அழுத்திய வேகம் எங்கே போகும்? பிடித்திருக்கும் இடது கையின் மேல்தான் போகும். கூர்மையான பிளேடைவிட மழுங்கிய பிளேடு அதிகம் காயப்படுத்துவது இதனால்தான். பிடியில்லாத பாதி பிளேடோ வெட்டுகிற கையையும் விட்டுவைப்பதில்லை. மூட்டை பிரிக்கும் நேரத்துக்குக் கூலியில்லை, தறி ஓடினால்தான் கூலி என்கிற ஏற்பாடு இருக்கும்வரை அவசரமும் இருக்கத்தான் செய்யும். அவசரத்தை உண்டாக்கியவனே கவனக்குறைவு என்று பழி சொல்வது என்ன நியாயம்?

இதற்கு மருந்து இல்லாமலா போயிற்று? உலகத்தில் கிடங்கு வேலை நடக்கும் இடமெல்லாம் பாதுகாப்புக் கத்திகள் வந்து எத்தனையோ காலமாகிறது. ஒருவகைக் கத்தியில் பிளேடு வாத்தின் அலகு போன்ற உறைக்குள் மறைந்திருக்கும். பட்டையோ பாலிதீனோ அந்த இடுக்கில் நுழையும், விரல் நுழையாது. இன்னொரு வகையில், வெட்டு முடிந்து பிளேடு பொருளை விட்டு விலகியதும், பொத்தானில் கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அட்டைப் பெட்டிக்கு ஒன்று, பட்டைக்கு ஒன்று என்று வேலைக்குத் தக்கபடி பார்த்து எடுக்கவேண்டும். ஒன்றே எல்லாவற்றுக்கும் உதவாது. வாங்குவதற்கு முன்னால், அதைக் கையில் பிடிக்கப்போகிற தொழிலாளிகளிடம் கொடுத்து நாலு மூட்டை பிரித்துப் பார்க்கச் சொல்லவேண்டும். பிடி பெரிதா, பெண்களின் கைக்கு அடங்குமா, இடக்கைக்காரருக்கு ஆகுமா என்பதெல்லாம் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது. மாற்றுப் பிளேடு கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பழையதைப் போட மூடியுள்ள ஒரு தகரடப்பா வேண்டும். குப்பையில் எறிந்த பிளேடு கூட்டுகிற அம்மாவின் கையைக் கிழிக்கும்.

பருத்தி பேல் பிரிக்கும் மில்களில் விவகாரம் இன்னும் கடுமை. பேலை இறுக்கும் இரும்புப் பட்டை முறுக்கேறிய வில் போன்றது. கடப்பாரையும் உளியும் வைத்து அதைத் தெறிக்கவிடுகிறார்கள். அறுந்த முனை துள்ளி வருவது முகத்துக்கும் கண்ணுக்கும். நீண்ட கைப்பிடியுள்ள பட்டை வெட்டி, கண்ணாடி, கையுறை ஆகியவை அங்கே அலங்காரமல்ல. வெட்டுகிறவர் பட்டை துள்ளும் திசையிலிருந்து விலகி நிற்க இடமும் வேண்டும்.

சொல்லப்போனால் கத்தியே தேவைப்படாத இடங்களும் உண்டு. சாக்கின் வாயை ஒற்றை நூல் சங்கிலித் தையலாகப் போட்டிருந்தால், சரியான முனையைப் பிடித்து இழுத்ததும் முழுத் தையலும் பிரிந்து வந்துவிடும். அரிசிக்கடைப் பையன்களுக்குக்கூடத் தெரிந்த வித்தை இது! நூல் அனுப்பும் மில்காரர் அந்த முனையை வெளியே நீட்டிவிட்டு, அதற்கு ஒரு நிறமும் கொடுத்தால் பிளேடுக்கு அங்கே வேலையே இல்லை. மில்காரரிடம் இதைக் கேட்கவேண்டியவர் நூல் வாங்கும் முதலாளி. நூலின் விலைக்கு நாளெல்லாம் பேரம் பேசுகிறவர் இதற்கு மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். பிளேடு உள்ளே இறங்கிக் கோன் கிழிந்தால் குதிக்கிறாரே, அந்த நஷ்டத்துக்காகவாவது கேட்கலாமே!

"பாதுகாப்புக் கத்தி விலை அதிகம்" என்கிறார்கள். பாதி பிளேடு ஏன் மலிவு? கிழிந்த கைக்குத் தையல், ஊசி, இரண்டு நாள் வேலையின்மை ஆகிய செலவெல்லாம் தொழிலாளி வீட்டுக் கணக்கில் எழுதப்படுவதால்தான் மலிவு. சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டப்படி, மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போகாத காயத்துக்கு நஷ்டஈடு இல்லை. திருத்தங்களுக்குப் பின் அதன் அட்டவணை, கட்டைவிரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்றும், சுட்டுவிரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்றும் விலை போட்டது. மரத்துப்போன விரல் நுனிக்கு? டாக்டர் சான்றுக்காக அலைய வேண்டும். நெசவாளியின் சுட்டுவிரல் 14 சதவீதம்தானா என்று அந்த அட்டவணை போட்டவர்கள் ஒரு தறிப்பட்டறையில் வந்து கேட்டிருக்கலாம்.

1948-ஆம் ஆண்டு பாக்டரிச் சட்டம் மின்சக்தியோடு 10 பேர் வேலை செய்தால் அது பாக்டரி என்றது. அதற்குத் தப்ப ஒரே கூரையின் நடுவே சுவர் எழுப்பி, பாதியை மனைவி பெயருக்கும் பாதியை மைத்துனன் பெயருக்கும் எழுதிய சாமர்த்தியங்களை நாம் அறிவோம். இனி அந்தச் சிரமமும் குறைந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலாக்கப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மின்சக்தி உள்ள இடத்தில் 10 என்ற எண்ணை 20 ஆக உயர்த்திவிட்டது! பாதுகாப்பு என்று பெயர் வைத்து, பாதுகாக்க வேண்டியவர்களில் பலரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அதே தொகுப்பில் ஒரு வாசகம் கிடக்கிறது. நாம் அதை விடக்கூடாது. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்பது முதலாளியின் கடமைகளில் ஒன்று. 10 பேரும் அதற்கு மேலும் உள்ள ஸ்தாபனங்களுக்கு அது பொருந்தும். அப்படியானால் கத்தியும் கையுறையும் யார் செலவு?

முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடக்கும் தொழிலாளி தனியாகப் போய் இதைக் கேட்டால், "பாக்கியைக் கட்டிவிட்டுப் பேசு" என்ற பதில்தான் வரும். அதனால்தான் இது யூனியனின் வேலை என்கிறோம். நம் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. கைத்தழும்பைக் காட்டி, "முப்பது வருஷம் பிளேடு பிடித்த கை" என்று பெருமை பேசும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. புதிதாக வந்த பையன் உறையுள்ள கத்தியைக் கேட்டால் கேலி செய்கிறவரும் நம்மில் இருக்கிறார். அந்தக் கேலி முதலாளிக்குக் கூலியில்லாமல் செய்யும் ஊழியம்.

தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கை மனுவில் கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் கீழே இன்னும் மூன்று வரிகளைச் சேர்க்கும்படி எடப்பாடி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் வட்டாரத் தறித் தொழிலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மூட்டை பிரிக்க உறையுள்ள கத்தியும் மாற்றுப் பிளேடும் முதலாளி செலவில் தரவேண்டும். பிரிக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். வெட்டுக்காயத்தால் வேலை நின்ற முதல் நாளிலிருந்தே சம்பளம் வேண்டும். கையெழுத்துப் போடும்போது மேஜைமேல் அந்தப் பாதி பிளேடையும் வைத்துவிட்டு உட்காருங்கள்.