வாலப்பகடையின் மகள்கள் யாருடைய பிள்ளைகள்?

ஆலங்குளம், வெம்பக்கோட்டை, ராஜபாளையம் பக்கத்துக் காலனிகளில் ஏப்ரல் 14 வந்தால் நாடகம் போடும் இளைஞர்கள் உண்டு. பகலில் பட்டாசு ஆலை, நூற்பு மில், கல்லூரி. ராத்திரியில் ஒத்திகை. அந்தத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முத்துப்பட்டன் கதையை எடுங்கள். எடுத்தால், அதில் ஒட்டவைத்திருக்கும் ஒரு பொய்யைக் கழற்றிவிட்டு மேடையேற்றுங்கள்.

தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதை இது. முத்துப்பட்டன் பார்ப்பனன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களை விரும்புகிறான். அவர்களின் அப்பா வாலப்பகடை உடனே பெண் கொடுத்துவிடவில்லை. நிபந்தனை போடுகிறார். பூணூலை அறு, குடுமியை எடு, எங்கள் தொழிலைச் செய், பிறகு வா என்கிறார். பட்டன் அப்படியே செய்கிறான், செருப்புத் தைக்கப் பழகுகிறான், கல்யாணம் நடக்கிறது. மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலையில், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவன் பட்டவராயன் என்ற சாமி. இன்றைக்கும் அங்கே காணிக்கை செருப்புதான். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க நம் தாத்தாக்களை விடாத அதே சமூகம், சாமிக்குச் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டுக் கும்பிடுகிறது.

பொய் எங்கே? அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனருக்குப் பிறந்தவர்கள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று சில பாடங்கள் சொல்கின்றன. இந்தக் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, இது பின்னால் சாதிக்குப் பயந்து சேர்த்த சங்கதி என்று எடுத்துக்காட்டினார். ஒரே வரியில் கதையே கவிழ்ந்துவிடுகிறது. சாதியை விட்டு இறங்கி வந்தவன், தன் சாதியிலேயே பெண் எடுத்தவனாகிவிடுகிறான்.

இந்த ஒட்டுவேலை ஒரு கதையோடு நிற்கவில்லை. மதுரை வீரன், சின்னான் செல்லி வளர்த்த பிள்ளை. ஆனால் பிறப்பு காசி ராஜா வீட்டில் என்பார்கள். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அதையே சொன்னது. காத்தவராயனுக்குத் தெய்வப் பிறப்பு, நடுவில் ஒரு சாபம். நம் ஆள் வீரனாக இருக்கலாம், சாமியாகவும் இருக்கலாம். நமக்குப் பிறந்தவனாக மட்டும் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெண் நம் வீட்டுப் பெண் என்றால் அவள் பிறப்பை மாற்றிவிடுகிறார்கள். ஆண் நம் வீட்டு ஆண் என்றால் பிறப்பை மாற்றியும் உயிரை விடவில்லை. பொம்மியைக் கொண்டுபோன வீரனுக்கு மாறுகால் மாறுகை. ஆரியமாலாவைக் கொண்டுபோன காத்தவராயனுக்குக் கழுமரம். இது பழங்கதை அல்ல. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரை நடுத்தெருவில் வெட்டினார்கள். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டன் சாமியாக நிற்கும் அதே தாமிரபரணிக் கரை ஊர் அது.

‘சாமி கதையில் கை வைக்காதே’ என்று சொல்வார்கள். ஏற்கெனவே கை வைத்தவர்கள் அவர்கள்தான். நாட்டார் கதைக்கு ஒரே பிரதி என்று எதுவும் கிடையாது. பாடுகிறவன் வாயில்தான் அது உயிர் வாழ்கிறது. இத்தனை காலம் அவர்களுக்குத் தோதாகப் பாடப்பட்டது. இனி நாம் பாடுவோம்.

எப்படிப் போடலாம்? நாயகன் இடத்தில் பட்டனை நிறுத்த வேண்டாம், வாலப்பகடையை நிறுத்துங்கள். சாதி மாறவேண்டியது நானல்ல, நீ என்று சொன்ன தகப்பன் அவர். பார்ப்பானைப் பார்த்து நிபந்தனை போட்ட அந்த வாயை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அந்த வேடத்தை, வாழ்க்கையில் ஒரு தடவையாவது யாரிடமாவது கைகட்டி நின்ற பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள்.

பொம்மக்கா, திம்மக்காவை மீசை மழித்த பையன்களுக்குக் கொடுக்காதீர்கள். நம் தெருப் பெண்களே நடிக்கட்டும். அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு ஒத்திகையை வையுங்கள். தீயில் இறங்குவதைப் பத்தினிப் பெருமையாக்கவும் வேண்டாம். கே.ஏ. குணசேகரன் ‘பலி ஆடுகள்’ நாடகத்தில் கேட்ட கேள்வி இங்கேயும் நிற்கிறது: சாதி கேட்கும் பலியைக் கடைசியில் ஏன் தலித் பெண்ணே கொடுக்க வேண்டும்? அந்த இடத்தில் கதையை நிறுத்தி, நடிக்கும் பெண்களையே பேசவிடுங்கள்.

வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். பிறப்பை மாற்றும் வரி வரும்போது நம் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடக் கூடாது. ‘யார் சொன்னது?’ என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி போதும், கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

எங்கே போடுவது என்பதும் அரசியல்தான். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கே இந்த மாவட்டத்தில் கலவரம் வந்தது. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. பஸ்ஸில் எழுதிய பெயரையே பொறுக்காத ஊரில் வாலப்பகடை நிமிர்ந்து பேசினால் சும்மா இருப்பார்களா? அதனால் முறைப்படி அனுமதி எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கறிஞர் தோழர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் காட்சி காலனியில் நடக்கட்டும். அடுத்தது எல்லோரும் நடக்கும் பொது இடத்தில் நடக்கட்டும்.

பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடைக்குப் பிறந்தவர்கள். இதை ஒலிபெருக்கி வைத்து ஊர் கேட்கச் சொல்லத்தான் இந்த நாடகம்.