பெரியப்பாவும் பீட்ரூட்டும்

ஒருநாள் காலையில் பெரியப்பாவின் பையில் சிவப்பு தெரிந்தது. பை என்றால் மளிகைக்கடை மஞ்சள் பை இல்லை. 2019-ல் கேன்சர் என்று சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, குழாய் மாதிரி வைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் வழி செய்திருந்தார்கள். அங்கே ஒட்டியிருக்கிற பை. எல்லாம் முப்பது வருஷ சிகரெட்டின் உபயம்!

‘‘நேத்து பீட்ரூட் பொரியல்டா, அதான்’’ என்றார்.

நாலு நாள் கழித்து, வெண்டைக்காய் சாப்பிட்ட அன்றும் சிவப்பு. வலி துளிகூட இல்லை. பெரியம்மா விடவில்லை. எனக்கு போன் வந்தது.

டாக்டர் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. கிட்னியின் உள்ளே ஆரம்பித்து, யூரேட்டர் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பை வரை ஒரே லைனிங் துணியாம். பையைக் கழற்றிவிட்டாலும் மேலே மிச்சத் துணி இருக்கிறதே! நூற்றில் சில பேருக்கு அங்கேயும் முளைக்குமாம். பெரியப்பாவுக்கு இடது கிட்னிக்குள் ஒன்றரை சென்டிமீட்டர். துளி சதை எடுத்துப் பார்த்ததில், அவ்வளவு வேகமில்லாத ரகம். ஆரம்ப நிலை.

‘‘கிட்னியோட சேர்த்து எடுத்துடுங்க டாக்டர். என்னால சும்மா சும்மா ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது.’’

‘‘வழக்கமா அதைத்தான் செய்வோம் சார். ஆனா உங்க வலது கிட்னி ஏற்கெனவே சுருங்கிப் போச்சு. இதையும் எடுத்தா, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸுக்கு அலையணுமே?’’

பெரியப்பா கப்சிப். பி.காம். படித்த எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. கையில் இருப்பது ஒரே டெபாசிட். அதை உடைக்கக் கூடாது!

கீழே வழி இல்லாததால், முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, லேசரால் கட்டியை எரித்தார்கள். வேறு மருந்து இல்லையா என்று கேட்டேன். மைட்டோமைசின் கலந்த ஒரு ஜெல்லுக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்களாம். கடல்பாசி குளிர்ந்தால் உறையும், இது தலைகீழ். ஜில்லென்றிருந்தால் தண்ணீர், உடம்புச் சூட்டில் உறைந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டு வேலை பார்க்கும். வாரம் ஒன்றாக ஆறு தடவை. சோதித்த 71 பேரில் 42 பேருக்குக் கட்டி மறைந்திருக்கிறது.

‘‘அப்போ முடிஞ்சுதா?’’ என்றார் பெரியப்பா.

‘‘கிட்னியைக் காப்பாத்தினது கடன் மாதிரி சார். தவணை கட்டணும். முதல்ல மூணு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன், கேமரா, யூரின் டெஸ்ட். இது திரும்ப வர்ற ஜாதி. சீக்கிரம் பார்த்தா மறுபடி எரிச்சுடலாம். தவணை தப்பினா ஜப்திதான்!’’

இரண்டு தவணை ஒழுங்காகக் கட்டினார். மூன்றாவதுக்கு, ‘‘நல்லாத்தானேடா இருக்கேன்’’ என்று இழுத்தார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டார்.

ரிப்போர்ட் சுத்தம். திரும்பி வரும் வழியில் காய்கறி வண்டி. பெரியப்பா ஆசையாகப் பீட்ரூட்டைக் கையில் எடுத்தார்.

‘‘வைங்க கீழே! இனிமே நம்ம வீட்டுல பீட்ரூட்டே கிடையாது. சிவப்பு தெரிஞ்சா, அது சிவப்புதான்!’’