டேரியஸ் ரக்கரும் நாஷ்வில்லின் பெருந்தன்மையும்

டேரியஸ் ரக்கர் 2008-இல் ராக் இசையிலிருந்து கண்ட்ரி இசைக்குச் சென்றதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சந்தையை இழந்த ராக் பாடகர் பிழைப்புத் தேடி நாஷ்வில்லில் ஒதுங்கினார் என்பது ஒன்று. வெள்ளையரின் இசை என்று பெயர்பெற்ற கண்ட்ரி, கறுப்பினப் பாடகர் ஒருவரைப் பெருந்தன்மையோடு அரவணைத்துக்கொண்டது என்பது மற்றொன்று. முதலாவது அரைகுறைப் பார்வை. இரண்டாவது, என்னளவில், வரலாற்று மோசடி.

பிழைப்பு என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய ஹூட்டி அண்ட் தி ப்ளோஃபிஷ் குழுவின் 1994 ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. பிறகு அந்த அலை வடிந்துவிட்டது என்பதும் உண்மையே. ஆனால் 2006-இல் பான் ஜோவி, ஜெனிஃபர் நெட்டில்ஸுடன் பாடிய பாடல் கண்ட்ரி தரவரிசையில் முதலிடம் பிடித்தது. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் வாசலை மறிக்கவில்லை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்து வளர்ந்த ரக்கருக்கோ வேறு அனுபவம். கறுப்பினப் பாடகரை எங்கள் நேயர்கள் ஏற்கமாட்டார்கள் என்று வானொலித் தரப்பில் தன்னிடம் சொல்லப்பட்டதை அவரே பிற்பாடு பதிவுசெய்திருக்கிறார்.

இப்போது அந்தப் பெருந்தன்மைக்கு வருவோம். 2008-இல் ரக்கரின் பாடல் முதலிடம் பெற்றபோது, 1983-இல் சார்லி ப்ரைடுக்குப் பிறகு அந்த இடத்தை எட்டிய முதல் கறுப்பினத் தனிப்பாடகர் என்று கொண்டாடினார்கள். இடையில் 25 ஆண்டுகள்! இது சாதனைப் பட்டியலில் இடம்பெற வேண்டிய எண்ணா, குற்றப்பத்திரிகையிலா? பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் நினைவிலிருந்து உருவான கருவி. ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவயதில் கிதார் பழகியது ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகரிடம். தெற்கின் இந்தப் பொதுச்சொத்தை 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள்தாம் கறுப்பருக்கு ஒரு பட்டியல், வெள்ளையருக்கு ஒரு பட்டியல் என்று கூறுபோட்டன. கடைக்காரர்கள் போட்ட வேலியை நாம் அழகியல் எல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரமான ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1941-இல் நீக்கப்பட்டு, அதே நாஷ்வில்லில் காலணிக்கு மெருகேற்றும் கடை நடத்தினார். 2012-இல் ரக்கரை அதே ஆப்ரி உறுப்பினராக்கிக்கொண்டது. விருந்தாளி என்று யாரைச் சொல்கிறோம்?

ரக்கர்மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. குரல் ஆழமானது, பாடல்களோ குடும்பம், குழந்தைகள், சொந்த ஊர் என்று எவரையும் உறுத்தாத சமர்த்துப் பாடல்கள். 2013-இல் அவரைப் பெரும் உயரத்துக்குக் கொண்டுசென்ற ‘வேகன் வீல்’கூட முன்பே பிரபலமாகியிருந்த பாடல்தான். ஆனால் இந்தச் சமர்த்துத்தனத்தை நுழைவுக் கட்டணமாக வசூலித்தவர்கள் யார்? கட்டணம் செலுத்தாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். லில் நாஸ் எக்ஸின் பாடலை, கண்ட்ரித் தன்மை போதவில்லையென்று 2019-இல் பில்போர்ட் அந்தத் தரவரிசையிலிருந்து நீக்கியது. பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ 2025 பிப்ரவரியில் சிறந்த கண்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. நாஷ்வில்லின் கண்ட்ரி இசைச் சங்கம் 2024-இல் அதற்கு ஒரு பரிந்துரைகூட வழங்கியிருக்கவில்லை.